ஆடிக்கு முன்னால் மழை

"எதை ஆராய்ச்சி பண்ணணும்னு நீங்களே சொல்லணுமாம்" என்று மைக் பிடித்தவன் தமிழில் சொன்னதும், ஸ்கூல் ஹாலில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

சிரிக்காமல் என்ன செய்வது? வெயிலும் மழையும் ஏன் இப்படித் தாறுமாறாகப் போகின்றன என்று சர்க்கார் ஆராயப் போகிறதாம். அதற்குத் திட்டம் போடும் முன் தாராவிக்கு வந்து எங்களைக் கேட்கிறார்கள். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தைக்கூட யாரும் எங்களைக் கேட்டு வைத்ததில்லை.

வந்திருந்த மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இந்தி தெரியாது. அதனால் எங்கள் சந்து ஆண்கள் தங்களில் ஒருவனை முன்னால் தள்ளிவிட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒருத்தி சாக்கடை என்றாள். ஒருத்தி கொசு என்றாள். நான் என் பங்குக்கு, ஃபேனைப் போட்டால் அனல்தான் வருகிறது என்றேன். எங்களை அக்கா, அத்தை என்று முறை வைத்துக் கூப்பிட்டு, சொன்னதையெல்லாம் அவன் இந்தியில் ஒப்பித்தான். மேடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்போதுதான் பூமாரி எழுந்தாள்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. போன தையில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தாள்.

எங்கள் சந்தில் வீடு என்றால் கீழே ஓர் அறை, மேலே தகரக் கூரை போட்ட ஒரு மச்சு. புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்த மச்சை விட்டுவிட்டு மற்றவர்கள் கீழே படுத்துக்கொள்வது வழக்கம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பங்குனி பிறந்ததும் தகரம் சுட ஆரம்பித்தது. விடிய விடிய ஆறவில்லை. மச்சில் தண்ணீரை வைத்தால் அதிலேயே பருப்பு வேகும். ஆண்களெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டோரம் படுக்கப் போய்விட்டார்கள், பூமாரியின் புருஷனும்தான்.

அவள் கீழே மாமியாருக்குப் பக்கத்தில் படுக்கிறாள். அத்தனை காதுகளுக்கு நடுவில் "சோறு போடவா", "போடு" என்பதைத் தவிரப் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிவிட முடியும்?

அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் போன பிறகும் அங்கேயே நிற்பாள்.

போதாததற்கு மாமியார் கனகவள்ளி அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தலை ஆடிக்குப் பெண் எப்படியும் தாய்வீடு போகத்தான் வேண்டும். இந்த வெயிலில் இங்கே கிடந்து வேகுவானேன், வைகாசியிலேயே போகட்டுமே என்று. நல்ல மனசோடு சொன்னதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மழை விழுந்தால் தகரம் குளிர்ந்துவிடும். ஆனி பிறக்கும்போதே விழுந்தால், ஆடிக்கு முன்னால் முழுசாக ஒரு மாதம் அந்த மச்சு அவர்களுடையது. அவள் ஊருக்குப் போகாமல் இருந்தால்.

பூமாரி மைக்கைத்தான் பார்த்தாள். பிடித்திருந்தவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களுக்கெல்லாம் முறை வைத்தவன் இவளை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. மைக்கை மட்டும் நீட்டினான்.

"மழை இப்பல்லாம் பிந்திப் பிந்தி வருதே. ஆடிக்கு முன்னால வந்துருமா? கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அவன் இந்தியில் சொன்னதும் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். விவசாயக் குடும்பம் என்று நினைத்துவிட்டார் போல. விதைப்பைப் பற்றி ஏதோ சொல்லி, நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்.

அந்த இந்தி எனக்குப் புரிந்தது. மழை எந்த வாரம் தொடங்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதும் முழுசாகத் தெரியவில்லை. அதைத்தான் ஆராய வேண்டும், இந்தக் கேள்வியைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம். இவ்வளவுதான் சொன்னார்.

மைக் பிடித்தவன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஆனி பிறந்ததும் மழை வந்துரும்னு சொல்லுதாங்க. அதுவரைக்கும் ஊருக்கெல்லாம் போக வேண்டாமாம். இங்கனயே இருக்கணுமாம்."

ஹாலில் இந்தி தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட அவனைத் திருத்தவில்லை.

பூமாரி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த கனகவள்ளி அக்கா தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. மீன்காரியோடு மராத்தியிலும் ரேஷன் கடைக்காரரோடு இந்தியிலும் சண்டை போட்டு ஜெயிக்கிறவர். மேடம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பியிருக்காது.

மைக்கோடு நின்ற தன் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சர்க்காரே சொல்லிட்டா நாம என்னத்தச் செய்ய?" என்றார் என்னிடம். "டிக்கெட்ட கேன்சல் பண்ணிர வேண்டியதுதான்."

வெளியே வந்தோம். பூமாரி செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.