வண்டிச் சத்தம்

புல்லட் ரேஷன் கடை முக்கில் திரும்புவது கேட்டது.

அவள் பாடப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அம்மாவின் வலது கையைப் பார்த்தாள்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டிவியில் யாரோ யாரையோ மருமகள் என்று ஏற்க மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

கை கீரையிலேயே இருந்தது.

அப்பா இருந்தவரை, இந்தச் சத்தம் கேட்டதும் அந்தக் கை முகத்துக்குப் போகும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றும். அரிசி டப்பாவைத் திறந்து அரிசிக்குள் புதைக்கும். வண்டி வாசலுக்கு வருவதற்குள் டிவி அணைந்திருக்கும். செம்பில் தண்ணீர் நிறைந்திருக்கும். அம்மா சுவரோரம் நின்றிருப்பாள்.

அப்பா இரண்டு கண்ணாடிகளை உடைத்திருக்கிறார்.

இரண்டும் அம்மாவின் முகத்தில் இருந்தபோது.

பிறகு அப்பா செத்தார். புல்லட் சாகவில்லை. அண்ணன் எடுத்துக்கொண்டான். அதே முக்கு, அதே சத்தம்.

கண்ணாடியும் அரிசிக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.

அண்ணன் கை ஓங்கியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. அம்மா நீட்டிய செம்பை வாங்கிக் குடித்தான். எதற்கு இப்படி ஓடுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மழைக்காலம் முடிந்தபோது கண்ணாடி அரிசி டப்பா வரைக்கும் போகவில்லை. மடியில் இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் அம்மா அதைக் கழற்றவில்லை. கை போய் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான்.

இது என்ன என்று அவளுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. கல்லூரியில் முதல் வருஷம், பொது உளவியல். ஹெப்சிபா மிஸ் நாயையும் மணியையும் நடத்தினார்.

“மணி அடிச்சுச் சோறு வச்சா நாய்க்கு எச்சி ஊறும். பெறவு வெறும் மணிக்கே ஊறும். சோறே வைக்காம மணிய மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா, கொஞ்சங் கொஞ்சமா நின்னுரும். எங்க, நம்ம வீட்டுல இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்.”

“வீட்டுல இல்ல மிஸ், கேன்டீன்ல இருக்கு,” என்றாள் கடைசி பெஞ்சு ரிஸ்வானா. “கொத்து பரோட்டா தட்டுற சத்தம். எனக்கு இப்பவே ஊறுது.”

வகுப்பு சிரித்து ஓய்ந்தது.

அவளிடம் வீட்டு உதாரணம் இருந்தது. சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள்.

“முழுசா நிக்க எவ்வளவு நாளாகும் மிஸ்?”

“யாருக்கு, நாய்க்கா?”

மறுபடியும் சிரிப்பு. மணி அடித்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“முழுசா நிக்கும்னு நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார் மிஸ், சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. “மீதி நாளைக்கு.”

புல்லட் வாசலில் வந்து நின்றது.

அம்மாவின் கை எழவே இல்லை.

விளிம்பைக்கூடத் தொடவில்லை. ஒரு காம்பை உருவி முடித்து அடுத்த காம்பை எடுத்தது.

அவளுக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் உள்ளே வந்தான். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். வழக்கம்போல் கையை நீட்டினான்.

நீட்டிய கை காற்றில் நின்றது.

“தண்ணி.”

“செம்பு அங்கனதான இருக்கு. எடுத்துக் குடில,” என்றாள் அம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீட்டில் ஓர் ஆணிடம் அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. சொன்னது அம்மாவுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம்.

அண்ணன் கையை மடக்கிக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான். கோபம் மாதிரித் தெரியவில்லை. பையில் வைத்த சாவியைக் காணாதவன் மாதிரிப் பார்த்தான். பிறகு அவளையும் ஒருமுறை பார்த்தான்.

தண்ணீர் எடுக்கப் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் வெளியே போனான்.

ஒரே உதையில் புல்லட் பிடித்துக்கொண்டது.

வண்டி நகரவில்லை. ஸ்டாண்டிலேயே நின்றது. அவன் முறுக்கினான். விட்டான். மறுபடி முறுக்கினான். அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல், அவன் முறுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மாவின் மடியிலிருந்து கீரை தரையில் கொட்டியது.

டிவி அணைந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். புத்தகத்தைப் பிடித்திருந்த அவள் கையில் ரிமோட் இருந்தது.

அப்போதுதான் அவன் வண்டியை நிறுத்தினான்.

அந்த அமைதியில், அடுக்களையில் அரிசி டப்பாவின் மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது.