அளவு ஜாக்கெட்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மூக்குக்கண்ணாடி இனி என் கைக்கே அகப்படாமல் போகட்டும்.

மேனாம்பேட்டு மோகனப்பிரியா, ஞானம்மாள் டீச்சரிடம் தையல் கற்கச் சேர்ந்தது ஒரே காரியத்துக்குத்தான். அம்மாவின் தலைத் திவசத்துக்குத் தன் கையாலேயே ஒரு ஜாக்கெட் தைத்துப் படைக்க வேண்டும்.

அளவுக்கு அம்மாவின் பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுபோனாள். நோயில் உடம்பு வற்றியபின் பிடித்துத் தைத்தது அது. மார்பு இருபத்தெட்டு. அடுத்த வாரம் அளந்தால் முப்பது. அதற்கடுத்த வாரம் முப்பத்திரண்டு.

"இன்னாமா, டேப்பைத் தலைகீழாப் புடிச்சிகினியா?" என்று டீச்சரே வாங்கி அளந்தார். முப்பத்திரண்டுதான். பிடித்த தையல் ஓரிடத்திலும் பிரிந்திருக்கவில்லை.

"உங்கம்மா தேறிகினு வர்றாங்க போல. இப்பவே துணிய வெட்டாதே, வீணாப் பூடும்."

மோகனப்பிரியா சரியென்று தலையாட்டிவிட்டுக் பொத்தானுக்குக் காஜா எடுக்கப் பழகினாள்.

முப்பத்தாறில் ஏற்றம் நின்றது. நோய் வருமுன் அம்மாவுக்கு எப்போதும் அதுதான் அளவு. அன்று ஜாக்கெட்டின் அக்குளில் வியர்வை ஈரம் இருந்தது. அதைக் கொடியில் உலர்த்திவிட்டு, புதுத்துணியை வெட்டித் தைத்தாள்.

"உள்ள ரெண்டு இஞ்ச் துணி வுட்டியா? இன்னும் குண்டானா பிரிச்சி வுடணுமில்ல?"

"வுட்டுகீறேன், டீச்சர்."

திவசத்தன்று படத்தின் முன் இரண்டு ஜாக்கெட்டையும் அடுக்கி வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மாவை எரித்தபோது அவள் உடம்பில் இருந்தது அந்தப் பச்சை ஜாக்கெட்தான்.