அரைக் கூறு

ரோஜா கத்தியைப் பிடித்த விதமே அறிவுச்செல்வனுக்குப் பிடிக்கவில்லை.

வாழையிலையில் கிடந்த கறிக் கூறை அவள் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். தன் பக்கம் தொடைக்கறி, ஈரல், நல்லியெலும்பு. அவற்றின் மேல் முழுதாக ஒரு சுவரொட்டி, ஆட்டின் மண்ணீரல். எதிர்ப் பக்கம் கழுத்தெலும்பும் கொழுப்பும் குடலும்.

அந்த எதிர்ப் பக்கத்தில் தூக்குச் சட்டியோடு நின்றிருந்தாள் பக்கத்து வீட்டு வீரம்மாள்.

தலைப்பொங்கலுக்காகத் திண்டிவனத்திலிருந்து, கண்டமங்கலத்தை அடுத்த மாமியார் ஊருக்கு வந்திருந்தான் அறிவுச்செல்வன். காணும் பொங்கலன்று தெருவே சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறுபோட்டுக்கொள்வது அவ்வூர் வழக்கம். முழுக் கூறு கட்டுப்படியாகாத வீரம்மாள், ரோஜாவின் வீட்டோடு சேர்ந்து ஒரு கூறு எடுப்பாள். அந்த ஒரு கூறுதான் இப்போது மறுபடியும் கூறுபடுகிறது.

"என்னா பண்ணிக்கினு இருக்கிற?" மனைவியின் காதருகே குனிந்தான். "அவங்க பொண்ணு பிள்ளை பெத்துப் படுத்திருக்குது, ஒடம்புல ரத்தமே இல்லன்னு நீதான சொன்ன? ரத்தம் ஊற வெக்கிற சுவரொட்டிய நம்ம பக்கம் வெச்சிக்கிறியே, நல்லாவா இருக்குது?"

"சும்மா இருங்க."

"பாதிக்குப் பாதி போட்டு எடுத்த கூறு ரோஜா."

"தெரியும். செத்த நவுருங்க."

பெண்டாட்டி ஆசைக்காரிதான் என்று வைத்துக்கொண்டாலும், யாரிடம் இந்த ஆசை? நேற்று ரோஜா கொடுத்தனுப்பிய முட்டைகளைக்கூட, "சும்மா வர்றது எங்க வூட்டு அடுப்புல வேகாதும்மா" என்று திருப்பி அனுப்பிய மானக்காரி வீரம்மாள். அவளுடைய பங்கிலா கை வைப்பது?

அறிவுச்செல்வன் ரேஷன் கடை விற்பனையாளன். தராசு முள் சாய்வதைப் பொறுக்காதவன்.

"குடு இப்படி" என்று கத்தியை வாங்கிக்கொண்டான். புது மாப்பிள்ளையை யார் தடுப்பது?

இரண்டையும் ஒன்றாகக் கொட்டினான். ஈரல் துண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எலும்புக்கு எலும்பு, கொழுப்புக்குக் கொழுப்பு. கடைசியில் சுவரொட்டியையும் நடுவில் அறுத்து இரண்டு பக்கமும் வைத்தான்.

"இப்ப பாருங்க பெரியம்மா. ஒரு குந்துமணி கூடக் கொறைய இருக்காது."

"நியாயமாத்தான் இருக்குது மாப்ள" என்றாள் வீரம்மாள். குரலில் சுரத்தில்லை.

ரோஜா ஏன் முறைக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஆடு வெட்டிய சவுரிராயன் கையைத் துடைத்துக்கொண்டே வீரம்மாளிடம் வந்தான். "ஆச்சா? அப்ப நீ எடு யக்கா. எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்க."

"அவங்களா மொதல்ல எடுப்பாங்க?" என்று கேட்டான் அறிவுச்செல்வன்.

"பின்ன? கூறுபோட்ட கை கடைசிலதான் எடுக்கணும் மாப்ளே. இங்க அதான் மொற."

அறிவுச்செல்வன் மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க பெரியம்மா, எடுத்துடாதீங்க. பிசகிப்போச்சு" என்று அவசரமாக மறுபடி குந்தினான்.

ஈரல் துண்டுகள் இரண்டும் ஒரே பக்கம் போயின. நல்லியெலும்பு போயிற்று. தொடைக்கறியும், சுவரொட்டியின் இரண்டு பாதிகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தன.

"என்னா மாப்ளே, ஒண்ணு மலையா இருக்குது, ஒண்ணு மடுவா இருக்குது? கடையிலயும் இப்படித்தான் நிறுக்கிறியா?" என்றான் சவுரிராயன். கூடியிருந்த தெரு சிரித்தது.

அறிவுச்செல்வனும் சிரித்துக்கொண்டே கத்தியைக் கீழே வைத்தான்.

வீரம்மாள் குனிந்து, பெரிய கூறைச் சட்டியில் நிதானமாக அள்ளிக்கொண்டாள்.

"பொண்டாட்டிதான் இப்படின்னா, வந்த புருஷனுக்கும் கூறுபோடத் தெரியல" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்தாள்.