புலியா, புளியா?

காட்டுப் பள்ளிக்கூடத்தில் கிளி டீச்சர் 'புலி' என்று சொல்ல, முயல்குட்டி 'புளி' என்று எழுதிவிட்டது.

"நீங்க சொல்றப்போ ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது, டீச்சர்."

"குண்டு 'ளி' போட்டா அது குழம்புல போடுற புளி. போய் மணல்ல புலி, புலின்னு எழுதிப் பழகு" என்றது கிளி.

முயல் ஆற்றங்கரைக்குப் போய், வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதியது. திடீரென்று புதரை விலக்கிக்கொண்டு நிஜப் புலியே வந்து நின்றது.

"என்னையா கூப்பிட்டே?"

முயல் எழுதியதை எல்லாம் அவசர அவசரமாக அழித்துவிட்டு 'புளி' என்று போட்டது.

"உங்களை இல்லீங்க. புளியைத்தான். நீங்களே பாருங்க."

புலி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் வகுப்பில் கிளி மறுபடியும் 'புலி' என்றது. முயல் வெகுநேரம் யோசித்து 'புளி' என்றே எழுதியது.

"இவ்வளவு சொல்லியும் மண்டையில ஏறலையா?" என்று கத்தியது கிளி.

"ஏறிடுச்சு டீச்சர்" என்றது முயல். "ஆனா சரியா எழுதினா அது வந்துடுது. தப்பா எழுதினாத்தான் போகுது. இப்ப நான் எதை எழுதட்டும்?"