உறைந்த விதைக்குள்

விதை வங்கியின் குளிரறையில் முப்பத்தெட்டு வருடம் உறைந்து கிடந்த விதை அது. அந்த வகை மரங்கள் நின்ற காடு முழுவதும் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. உலகத்தில் மிச்சம் ஏழே விதைகள். இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றை மட்டும் எடுத்து ஈரத்தாளில் வைத்திருந்தாள் பொற்செல்வி.

பதினோராம் நாள் விதையில் ஒரு துளை விழுந்தது. முளைதான் என்று ஆசையோடு குனிந்தாள். எள்ளளவு பச்சை வண்டு ஒன்று வெளியே வந்து, நேற்றுப் படுத்து இன்று எழுந்ததைப்போல மீசையைத் தடவிவிட்டுக்கொண்டது.

“ஐயோ, பூச்சி! நசுக்கிடுங்க மேடம். குளிரறைக்குள்ள போச்சுன்னா அத்தனை விதையும் காலி,” என்று வாசலிலிருந்து பதறினார் உதவியாளர் ஜெபராஜ்.

வங்கியின் விதியும் அதுதான். அவள் இடுக்கியை எடுப்பதற்குள் வண்டு பறந்துவிட்டது. எண் சரிபார்க்க அன்று காலை எடுத்துவைத்த நாற்பது அலுமினிய உறைகள் மேசையில் இருந்தன. காற்றுகூடப் புகாதபடி ஒட்டியவை. எல்லாம் ஒரே மாதிரி. வண்டு ஒவ்வொன்றையும் சுற்றிச்சுற்றி வந்து, ஓர் உறைமேல் இறங்கிச் சிறகை மடக்கியது. அதில் ஒட்டியிருந்த சீட்டை அவள் படித்தாள். மிச்ச ஆறு விதைகளும் இருந்த உறை.

“அடிச்சிட்டீங்களா மேடம்?”

“சத்தம் போடாதீங்க ஜெபராஜ். மரத்துல உக்காந்திருக்கு.”