ஜன்னலோர சீட்டு

தண்டவாளத்தின் மேல் மினி பஸ் நின்றுவிட்டது. தூரத்தில் ரயில் கூவியது. கண்டக்டரோடு மூன்று பேர் இறங்கித் தள்ளியும் பஸ் அசையவில்லை. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த யாரும் எழுந்திருக்கவில்லை.

"இறங்கினா சீட்டு போயிரும்லா," என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

மீன்கூடையை வைத்துவிட்டு மரியபுஷ்பம் எழுந்தாள். "துண்டப் போட்டுட்டு இறங்குங்க அண்ணாச்சி. உள்ள இருந்தா நீங்க கனம், கீழ நின்னு தள்ளுனா பலம்."

சீட்டுகளில் துண்டும் பையும் விழுந்தன. எல்லோரும் இறங்கிக் கைவைத்ததும், காலி பஸ் துள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியது. பின்னாலேயே அவர்களும் ஓடிக் கடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ரயில் தடதடத்துப் போனது.

டிரைவர் ஹார்ன் அடித்தும் யாரும் ஏறவில்லை.

"ஜன்னலோரம் நீ உக்காரு தாயி," என்றார் ஜன்னலோரத்து அண்ணாச்சி.

"செத்த பொறுங்க அண்ணாச்சி," என்றாள் மரியபுஷ்பம். "காலு ரெண்டும் ஆடுது."