பரசுராமன் வீட்டு நாற்காலி

பிள்ளைப்பாக்கத்துக் களத்தில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பட்டணத்திலிருந்து படம் எடுக்க வந்திருக்கும் சினிமாக் கல்லூரிப் பிள்ளைகள், தொப்பையும் மீசையுமாக நிற்கும் நாகப்பனுக்குப் பண்ணையார் வேஷம் என்கிறார்கள். ஒட்டிய வயிறும் அழுக்கு வேட்டியுமாக இருக்கும் பரசுராமனுக்குக் கூலியாள் வேஷம் என்கிறார்கள். உண்மையில் நிலமெல்லாம் பரசுராமனுடையது, அதில் உழுகிறவன் நாகப்பன். நடுக்களத்தில் கிடக்கும் நாற்காலிகூட, அவர் வீட்டிலிருந்து காலையில் அவன் தலையில் சுமந்து வந்ததுதான். அதில் உட்கார நாகப்பனுக்குக் கால் மடங்க மாட்டேனென்கிறது. "வாணாங்க ஐயா," என்று முனகுகிறான். "உக்காருடா, படந்தானே," என்று பரசுராமன் அதட்டியதும் விளிம்பில் தொற்றிக்கொள்கிறான். கேமரா கிர்ரென்று ஓடுகிறது. எதிரே பரசுராமன் துண்டை அக்குளில் இடுக்கி, முதுகை வளைத்து, ஒரு காலால் மறுகாலைச் சொறிந்தபடி நிற்கிறார். அந்த நிற்பை நாகப்பன் எங்கோ பார்த்திருக்கிறான், எங்கே என்றுதான் பிடிபடவில்லை. "பிரமாதம் பெரியவரே! எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கிறாள் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் பெண். பரசுராமன் நிமிராமலே நாற்காலிப் பக்கம் மோவாயை நீட்டுகிறார். "இவன்கிட்டதான். தெனம் என் எதிர்ல இப்படித்தான நின்னுகினு இருக்கான்." அவள் ஒன்றும் புரியாமல் சிரித்துவைக்கிறாள். தானும் சிரிப்பதா, எழுந்துகொள்வதா என்று நாகப்பனுக்குத் தெரியவில்லை. மறுகாலைச் சொறியக் கிளம்பிய அவன் கால் பாதியிலேயே நிற்கிறது.